ஒரு பெயர் உலகைச் சுற்றிய கதை

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படிக்கிறார். "ஜான்" என்கிறார், "அருளப்பன்" என்கிறார், "யஹ்யா" என்கிறார். மூன்று மாணவர்கள் எழுந்து நிற்கின்றனர். இம்மூன்று பெயர்களுக்கும் உறவு உண்டு என்று சொன்னால் அவர்களே வியப்படைவர். அந்த உறவு யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பண்டைய எபிரேய மக்களிடையே யோஹனான் என்றொரு பெயர் வழங்கி வந்தது. 'ஆண்டவர் அருள் புரிந்தார்' என்பது அதன் பொருள். யோர்தான் ஆற்றில் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்த ஞானிக்கும், இயேசுநாதரின் சீடருள் ஒருவருக்கும் அதுவே பெயர். கிறிஸ்துவ சமயம் பரவிய இடங்களுக்கெல்லாம் இப்பெயரும் உடன் சென்றது.

ஆனால், ஒரு மொழியின் ஒலி மற்றொரு மொழியாளரின் நாவில் அப்படியே நிற்பதில்லை. கிரேக்க மொழியில் ஆண்களின் பெயர்கள் பெரும்பாலும் சகர ஒலியில் முடியும். ஆகவே யோஹனான் அங்கே யோவான்னேஸ் என்றாயிற்று. இலத்தீன் மொழியில் யோஹான்னெஸ் ஆயிற்று. பின்னர் ஆங்கிலேயர் ஜான் என்றனர். பிரெஞ்சுக்காரர் ழான் என்றனர். ஸ்பெயின் நாட்டார் ஹுவான் என்றும், இத்தாலியர் ஜொவான்னி என்றும், ருஷ்யர் இவான் என்றும் வழங்கினர். ஜெர்மானியர் யோஹான் என்று கூறி, அதையும் சுருக்கி ஹான்ஸ் என்று அழைத்தனர்.

தந்தை பெயரால் மகனைக் குறிக்கும் வழக்கத்தால் ஜான்சன், இவானோவ் முதலிய குடும்பப் பெயர்களும் தோன்றின. ஐஸ்லாந்து நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இன்றும் இல்லை. யோன் என்பவருடைய மகன் யோன்சோன், மகள் யோன்ஸ்தோத்திர். நம் நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம் அல்லவா? அதுவும் இதனோடு ஒத்த வழக்கமே.

இனி, அராபிய நாட்டைப் பார்ப்போம். யோர்தான் நதிக்கரை ஞானியைத் திருக்குர்ஆன் யஹ்யா என்று போற்றுகிறது. ஆதலின் முஸ்லிம் குடும்பங்களில் அப்பெயர் விரும்பி இடப்படுகிறது.

தமிழகத்திற்கு இப்பெயர் இரு வழிகளில் வந்தது. ஒலி வழியே வந்தது யோவான். பொருள் வழியே வந்தது அருளப்பன். ஒலியை முற்றும் விட்டுவிட்டு, 'அருள்' என்னும் கருத்தை மட்டும் ஏற்றனர் நம் முன்னோர். லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்து, 1693-இல் ஓரியூரில் உயிர் நீத்த பிரிட்டோ பாதிரியாருக்கும் இதுவே இயற்பெயர். அவர் தமிழ்நாட்டில் தமக்குக் கொண்ட பெயர் அருளானந்தர். சிறியவர் என்று பொருள்படும் பவுலுஸ் என்ற இலத்தீன் பெயர் இங்கே சின்னப்பர் ஆனதும் இம்முறையிலேதான்.

இவ்வரலாற்றை மறந்தால் என்ன நேரும்? 1938-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நாஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசின் பட்டியலில் உள்ள யூதப் பெயர்களைத் தாங்காத யூத ஆடவர் 'இஸ்ரேல்' என்றும், பெண்டிர் 'சாரா' என்றும் தம் பெயரோடு கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வாணை. மக்களை அடையாளம் கண்டு ஒதுக்குவதற்குப் பெயரே கருவியாயிற்று. அந்நாட்டிலேயே எண்ணற்ற ஜெர்மானியர் ஹான்ஸ் என்ற பெயரைப் பெருமையோடு தாங்கி நின்றனர். அதுவும் எபிரேயப் பெயர்தான் என்பதை அந்த அரசு எண்ணிப் பார்க்கவில்லை.

பெயரைக் கேட்டவுடன் 'இவர் நம்மவர், அவர் அயலார்' என்று பிரித்துவிடுவது எளிது. அப்பெயர் நடந்து வந்த வழியைத் தேடிப் பார்த்தால், பிரிவு இருக்குமென்று எண்ணிய இடத்தில் உறவு தென்படும். மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் முப்பது, நாற்பது பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பொருளையும் அதற்குரியவரிடமே கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிவேடே உங்களுக்கு ஒரு வரலாற்று நூலாகும்.