ஒரு தடவை அழுத்தினால் நாலு!

என் அம்மா தினமும் காலையில் பிள்ளையார் கோயில் அரசமரத்தை 108 சுற்று சுற்றுவார். கணக்கு தப்பாமல் இருக்க முந்தானையில் 108 புளியங்கொட்டை முடிந்துகொண்டு போவார். ஒரு சுற்று முடிந்ததும் மேடையில் ஒரு கொட்டை. முந்தானை காலியானால் சுற்று முடிந்தது.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு, "சித்தி, பாட்டிக்கு நான் ஒரு எண்ணும் பெட்டி செஞ்சு தரப்போறேன். சுற்றுக்கு ஒரு தடவை பட்டனை அழுத்தினா போதும்" என்றாள்.

அவளிடம் ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கணினி. 2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், பொறியியல் படிக்காதவர்களும் மின்னணுக் கருவிகள் செய்து பழகவேண்டும் என்று சில ஆசிரியர்களும் மாணவர்களும் உருவாக்கியதுதான் ஆர்டுயினோ. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியை ஆண்ட ஓர் அரசனின் பெயர் அது.

பலகை, ஒரு பட்டன், எண் காட்டும் சின்னத் திரை, நாலைந்து ஒயர். எல்லாவற்றையும் பிரெட்போர்டு என்ற துளைப்பலகையில் செருகினாள். நிரலும் எழுதினாள். பட்டனை அழுத்துவதற்கு முன்பே திரையில் எண் ஓட ஆரம்பித்துவிட்டது! கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே இன்னும் வேகமாக ஓடியது.

காரணம் இதுதான்: பட்டனை அழுத்தாதபோது, பலகையிலிருந்து பட்டனுக்குப் போகும் ஒயரின் ஒரு முனை எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபாய்கிறது. அந்தரத்தில் நிற்கும் ஒயர் ஒரு குட்டி ஆன்டெனா மாதிரி அந்த அலைச்சலைப் பிடித்துக்கொள்ளும். நம் உடம்பும் அதைக் கொஞ்சம் கடத்திவிடும். பலகைக்கு எது 0, எது 1 என்றே புரியாது. ஊனோவின் சில்லுக்குள்ளேயே இதற்கு ஒரு மின்தடை இருக்கிறது. அதை இயக்கச் சொல்லி நிரலில் ஒரு வரி எழுதினால், ஒயரை 5 வோல்ட் பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எழுதினாள். ஓட்டம் நின்றது.

இப்போது பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். திரையில் 4. மறுபடி அழுத்தினாள். 6. மறுபடி. 9.

"பட்டன் கெட்டுப்போச்சு சித்தி."

வேறு பட்டன் மாற்றினோம். அதிலும் அதே கதை. நிரலை வரிவரியாகப் படித்தோம், அதிலும் தப்பில்லை. நான் சமையலறைக்குப் போய் ஓர் எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டேன். டங்... டங்.. டங். டடடங்!

"நான் எத்தனை தடவை போட்டேன்?"

"ஒரு தடவை."

"தரை எத்தனை தடவை அடி வாங்கிச்சு?"

அவள் கண் விரிந்தது. பட்டனுக்குள்ளும் உலோகம்தான் உலோகத்தின் மேல் விழுகிறது. பட்டதும் துள்ளும், மறுபடி படும், மறுபடி துள்ளும். சில மில்லி நொடிகளில் அடங்கிவிடும். இதற்குப் பெயர் பவுன்ஸ். கிரிக்கெட் பந்துக்குச் சொல்கிறோமே, அதே சொல்தான். வீட்டு லைட் சுவிட்சும் இப்படித் துள்ளக்கூடியதுதான், நம் கண்ணுக்கு அது எட்டாது. ஆனால் ஊனோவுக்கு ஒரு நொடியில் 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. ஒரு மில்லி நொடிக்குள்ளேயே 16,000 துடிப்பு. ஒவ்வொரு துள்ளலையும் அது ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காக எண்ணியிருக்கிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பலகையும் பொய் சொல்லவில்லை, பட்டனும் கெட்டுப்போகவில்லை.

"அப்போ முதல் துள்ளலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கோன்னு சொல்லிடலாமா?" என்று அவளே கேட்டாள். அதேதான் வழி. எவ்வளவு நேரம்? 1 மில்லி நொடி என்று வைத்தாள், எண் அவ்வப்போது தாவியது. 500 என்று வைத்தாள், வேகமாக இரண்டு தடவை அழுத்தினால் ஒன்று விட்டுப்போனது. 50-இல் சரியாக நின்றது. நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் யாராலும் இரண்டு தடவை அழுத்த முடியாது.

பெட்டி பாட்டி கைக்குப் போனது. பத்துச் சுற்றுக்கு 12 காட்டியது! பாட்டி அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அவர் பட்டனை நிதானமாக அழுத்தி, ஒரு நொடி பிடித்திருந்து, மெல்ல விடுகிறார். விடும்போதும் உலோகம் சட்டென்று பிரியாமல் உரசித் துள்ளுகிறது. நிரலோ அழுத்தும்போது மட்டும்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. விடும்போதும் 50 மில்லி நொடி மூடிக்கொள்ளச் சொன்னதும் கணக்கு நேரானது.

மறுநாள் பாட்டி பெட்டியையும் எடுத்துக்கொண்டார், புளியங்கொட்டையையும் எடுத்துக்கொண்டார். 63-ஆவது சுற்று முடிந்ததும் பேட்டரி ஒயர் கழன்றுவிட்டது. திரும்ப மாட்டினால் திரையில் 0. மேடையில் 63 கொட்டையும் வைத்த இடத்தில் இருந்தன.

"மின்சாரம் போனாலும் மறக்காத இடம் அந்தச் சில்லுக்குள்ள இருக்கா சித்தி?"

இருக்கிறது. ஈஈப்ராம் என்று பெயர். 1,024 அறைகள். ஒவ்வோர் அறையிலும் 255 வரை ஓர் எண்ணை எழுதிவைக்கலாம். பலகையை அணைத்தாலும் அழியாது. ஆனால் ஓர் அறையில் சுமார் 1,00,000 தடவை எழுதலாம் என்றுதான் சில்லைச் செய்தவர்கள் உறுதி தருகிறார்கள். அதைச் சொன்னதும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1,00,000-ஐ 108-ஆல் வகுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"925 நாள்தான் வருது. மூணு வருஷம்கூட இல்லையே! பாட்டி தினமும் போவாங்களே."

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு 1,024 அறைகளையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைய ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த அறைக்குப் போய் எழுதினால் என்ன என்று கேட்டாள்.