பாலைத் தீவில் ஓர் அரைநாள்

நிலத்தை ஐந்தாக வகுத்த பழந்தமிழர் பாலைக்கென்று தனியே ஓர் இடத்தை ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் இயல்பு திரிந்த நிலையையே பாலை என்றனர். அந்நிலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு என்றும் கண்டனர். நீர் நீங்கிய இடத்திலிருந்து மனிதரும் நீங்குவர் என்ற உண்மை இவ்விரு கூற்றுக்களிலும் அடங்கியிருக்கிறது. ஆனால், நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலமொன்று பாலையாயிருப்பது எங்ஙனம்? நெய்தலும் பாலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும் அந்த விசித்திரத்தைக் காண விரும்புவோர் அத்திலாந்திக் சமுத்திரத்திலே, ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலே கிடக்கும் புவெர்த்தேவெந்துராத் தீவுக்குச் செல்லவேண்டும்.

ஸ்பெயின் தேசத்துக்குரிய கானரித் தீவுகளுள் பரப்பளவில் இது இரண்டாவது. ஏறத்தாழ 1,660 சதுர கிலோமீற்றர் விரிவுடையது. எரிமலைகள் ஈன்ற அத்தீவுக் கூட்டத்தில் வயதால் மூத்ததும் இதுவே. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேலாக இயற்கை அரித்து அரித்து இதன் மலைகளைத் தேய்த்துவிட்டது. பாலையானதன் காரணமும் அம்முதுமையே. அதே கூட்டத்தைச் சேர்ந்த தெனெரீபேத் தீவில் 3,700 மீற்றருக்கு மேல் உயர்ந்த சிகரம் உண்டு. வடகிழக்கு வியாபாரக் காற்றுக் கொண்டுவரும் மேகங்கள் அங்கே மலைச்சரிவில் மோதி ஈரத்தை விட்டுச்செல்கின்றன. புவெர்த்தேவெந்துராவின் மிக உயர்ந்த முடியோ 807 மீற்றர் மட்டுமே. மேகம் தலைக்குமேலே போய்விடுகிறது. தீவு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘வானம் பார்த்த பூமி’ என்னும் நம் சொல் இதனினும் பொருந்தும் இடம் வேறில்லை எனலாம்.

இத்தகைய வறுநிலத்தைப் பார்ப்பதற்கென்றே இன்று ஐரோப்பாவிலிருந்து உல்லாசப் பயணிகள் திரள்திரளாக வருகின்றனர். கடற்கரையில் வெயில் காய்ந்து அலுத்தவர்களுக்கு ஒரு மாற்றாக அரைநாட் பயணம் ஒன்று உண்டு. தென்கோடியிலே, ஹாந்தியா என்னும் தீபகற்பத்தில், மொறோ ஹாப்லே என்ற பட்டினத்திலிருந்து ஜீப் வண்டிகள் புறப்படுகின்றன. பட்டினத்தைத் தாண்டியதும் தார் வீதி முடிந்துவிடுகிறது. அப்பாற் கல்லும் குழியுமான மண்பாதை. ஒரு புறம் மலை, மறு புறம் கடல். முன்னே செல்லும் வண்டி கிளப்பும் புழுதி பின்னே வருவோரின் கண்ணிலும் வாயிலும் நிறைகிறது. அந்தப் புழுதிக்கும் குலுக்கலுக்குமாகவே பலர் பணங் கொடுக்கின்றனர்.

‘வழியில்லா வழியிற் பயணம்’ என்று விளம்பரப்படுத்தப்படினும், வண்டி பாதையை விட்டு ஓர் அடிகூட விலகலாகாது. ஹாந்தியா சட்டத்தாற் காக்கப்படும் இயற்கைப் பூங்கா. தீவு முழுவதையுமே 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்மண்டலக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. மழையற்ற மண்ணில் ஒரு சக்கரத்தின் தடம் எளிதில் அழிவதில்லை. மேலும், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒருவகை முட்கள்ளி இத்தீபகற்பத்தின் பள்ளத்தாக்குகளிலே தான் உண்டு. தீவின் சின்னமாகவும் அக்கள்ளியையே கொண்டிருக்கின்றனர். கள்ளியைக் கொடியவர்க்கு உவமை சொல்லிப் பழகிய நமக்கு, கள்ளியைத் தம் பெருமையாகக் கொண்டாடும் மக்களைக் காண்பது புதுமையே.

பயணத்தின் முதற் காட்சி தீபகற்பத்தின் மேற்கு முனையிலுள்ள வெளிச்சவீடு. 1864இல் ஏற்றப்பட்ட விளக்கு அது. அதனருகே மீனவர் சிற்றூர் ஒன்று. அங்கிருந்து திரும்பி மலையேறினால் ஒரு கணவாய் வருகிறது. காற்று மனிதரைத் தள்ளி வீழ்த்துமளவுக்கு அங்கே வீசும். கணவாயின் பெயர் ‘அகுவா ஒவேஹா’. செம்மறியாட்டுத் தண்ணீர் என்பது பொருள். பச்சையென்று சொல்ல ஒன்றுமில்லாத அம்மலையிலே தண்ணீரின் பெயர் நிலைத்திருக்கிறது. ஒரு சிறு கசிவைக்கூடப் பெயரிட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் அருமை, தாகம் அறிந்தவர்க்கே விளங்கும். வண்டிகள் கணவாயில் நிற்கின்றன; பயணிகள் கீழே விரியும் கொஃபேத்தேக் கடற்கரையைப் படம் பிடிக்கின்றனர்.

பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் பொன்மணற் கரை அது. ஆயினும் நீராடுவதற்கு ஏற்றதன்று. அலையின் வேகமும் அடிநீரோட்டமும் வல்ல நீச்சற்காரரையும் இழுத்துச் சென்றுவிடும். 2006ஆம் ஆண்டில் இக்கரையிலே ஒரு புதிய முயற்சி தொடங்கியது. தெற்கே கேப் வேர்ட் தீவுகளிலிருந்து பெருந்தலைக் கடலாமையின் முட்டைகளைக் கொணர்ந்து இம்மணலிற் புதைத்தனர். பிறந்த கரையை ஆமை மறவாது, வளர்ந்தபின் முட்டையிட அங்கேயே திரும்பும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

கடற்கரைக்கு மேலே, மலையடிவாரத்தில் தனித்து நிற்கும் ஒரு மாளிகையே பயணத்தின் சிறப்புக் காட்சி. அதனைக் கட்டியவர் குஸ்தாவ் வின்ரர் என்னும் ஜேர்மன் பொறியியலாளர். இவர் 1937இல் ஹாந்தியாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். வட்டக் கோபுரமும் தடித்த சுவர்களுமுடைய அந்த வீட்டைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் கதைகள் பல. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகளுக்கு இரகசியத் தளமாயிருந்தது என்பர். கோபுரம் கப்பல்களுக்குச் சைகை காட்டிற்று என்பர். யுத்தத்தின்பின் தப்பியோடியவர்கள் இங்கே சத்திரசிகிச்சையால் முகத்தை மாற்றிக்கொண்டனர் என்பர். கிரான் கானரியாத் தீவின் லாஸ் பல்மாஸ் துறைமுகத்திலே 1941இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் மறைவாக எரிபொருள் பெற்றது சரித்திர உண்மை. அந்த உண்மையின் நிழலிலே இந்தக் கதைகள் வளர்ந்தன. ஆனால் இந்த மாளிகையைப் பற்றிய கதைகளுக்குத் தக்க சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. துறைமுகமற்ற, அலை அடங்காத கரையொன்றை நீர்மூழ்கிக்குத் தளமாக யார்தான் தெரிவு செய்வர்?

மாளிகையின் கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் பயணி, அதற்குக் கீழே மணலில் புதைந்து கிடக்கும் ஒரு சிறு சேமக்காலையை அநேகமாகக் கவனிப்பதில்லை. கடலுக்கு மிக அண்மையில், தாழ்ந்த சுவரொன்றுக்குள்ளே கற்குவியல்களும் சில மரச்சிலுவைகளும் இருக்கின்றன. கொஃபேத்தேயில் வாழ்ந்து மடிந்தவர்களை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கேதான் அடக்கஞ் செய்தனர். காற்று மணலைக் கொண்டுவந்து மூடுகிறது. ஹாந்தியா முழுவதும் நெடுங்காலம் சீமான் குடும்பங்களின் தனியுடைமை. அதிலே ஆடு மேய்த்தும் பயிர் செய்தும் வாழ்ந்தவர்கள் சொந்தமென்று ஒரு பிடி மண்ணும் இல்லாத வாரக்குடிகள். உயிரோடிருந்தபோது கிடையாத நிலம் இறந்தபின் ஆறடியாகக் கிடைத்தது. கொஃபேத்தேயில் இன்று எஞ்சியிருப்பவை சில குடிசைகளும் ஓர் உணவுச்சாலையுமே.

இங்கேதான் இந்த அரைநாட் பயணத்தின் குறை வெளிப்படுகின்றது. மனிதன் கால் வைக்காத வெறுநிலம் என்று அது தீவைக் காட்டுகிறது. ஊன்றிப் பார்க்குமிடத்து, கைபடாத சரிவொன்றைக் காண்பது அங்கே அரிது. தீவின் உட்பகுதியில், மலையடிவாரச் சமநிலங்களிலே மண் வரம்பு கட்டிய வயல்களைக் காணலாம். அவற்றுக்குக் ‘காவியா’ என்று பெயர். எப்போதாவது பெய்யும் ஒரு பெருமழையில் ஓடைகள் பெருகும்போது, அவ்வெள்ளத்தை வாய்க்கால் வழியே வயலுக்குள் திருப்பி, வரம்பளவு தேக்கி, முழுவதும் நிலத்துக்குள் ஊறவிடுவர். ஊறிய ஈரத்திலே கோதுமையோ பார்லியோ விதைப்பர். ஒரு நல்ல வெள்ளம் ஒரு போக விளைச்சலைத் தரும். மழை பெய்த ஆண்டுகளிலே இத்தீவு மற்றைக் கானரித் தீவுகளுக்குத் தானியம் அனுப்பியதும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளிலோ மக்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறித் தெனெரீபேக்கும் கிரான் கானரியாவுக்கும், அதற்கப்பால் அமெரிக்கக் கண்டத்துக்கும் சென்றனர். அந்த வரம்புகளும் உடைந்து கிடக்கின்றன இன்று.

ஆடு மட்டும் போகவில்லை. ஹாந்தியாவின் மலைகளிலே ஆடுகள் இன்றும் கட்டின்றித் திரிகின்றன. ஆண்டில் சில நாட்கள் மேய்ப்பர்கள் யாவரும் கூடி, நீண்ட கோல்களோடும் நாய்களோடும் மலையை வளைத்து, ஆடுகளை ஒரு கற்பட்டிக்குள் துரத்திச் சேர்ப்பர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காதில் இடும் வெட்டுக்குறி வெவ்வேறு. குட்டி எந்தத் தாயைப் பின்தொடர்கிறதோ அந்தத் தாயின் குறியே குட்டிக்கும். கற்பட்டிக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘கம்புவேசா’; குறியில்லா ஆட்டுக்குக் ‘குவானில்’; ஆட்டுக்குட்டிக்குப் ‘பைஃபோ’; அவர்கள் உணவாகிய வறுத்த தானிய மாவுக்குக் ‘கோஃபியோ’. இவை ஸ்பானியச் சொற்கள் அல்ல. ஐரோப்பியர் வருமுன் இத்தீவில் வாழ்ந்த, வட ஆபிரிக்காவின் பேர்பர் இனத்தோடு உறவுடைய பழங்குடியினரின் சொற்கள். 1402இல் கானரித் தீவுகளைக் கைப்பற்றத் தொடங்கிய ழான் தெ பெத்தான்கூர் என்ற நோர்மண்டியப் பிரபு, 1404இல் இங்கே பெத்தங்கூரியா என்னும் நகரை நிறுவியதும் அம்மக்களின் சுதந்திரம் முடிந்தது. பின்னர் அவர்கள் மொழியும் மறைந்தது. ஒரு மொழியிலே பாட்டும் வழிபாடும் வழக்காடுதலும் அற்றுப்போய், ஆட்டுப்பட்டியில் மட்டும் சில சொற்கள் உயிர் தாங்கி நிற்பதை எண்ணுங்கால், மொழியுணர்ச்சியுடைய எவருக்கும் நெஞ்சு கனக்கும்.

இன்னொரு பிரிவையும் இத்தீவு கண்டதுண்டு. மக்கள் தாமே நீங்கியதோடன்றி, அரசு தான் வேண்டாதவர்களை அனுப்பிவைக்கும் இடமாகவும் இதனைக் கொண்டிருந்தது. 1924இல் சர்வாதிகாரி பிறிமோ தெ ரிவேராவை எதிர்த்தெழுதிய பேரறிஞர் மிகேல் தெ உனமூனோ இங்கே நாடுகடத்தப்பட்டார். அன்று ‘ஆட்டுத் துறைமுகம்’ என்றும் 1956 முதல் புவெர்த்தோ தெல் றொசாரியோ என்றும் வழங்கும் பட்டினத்திலே சில மாதங்கள் தங்கியிருந்து, பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். தண்டனையாகத் தரப்பட்ட வறுநிலத்தை அவர் வெறுக்கவில்லை. அதன்மேற் பாடிய பதினான்கடிப் பாக்கள் 1925இல் நூலாயின. பிறிதொரு கூட்டத்தாருக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. பிராங்கோவின் ஆட்சியிலே, 1954 முதல் 1966 வரை, தெஃபியா என்ற ஊரில் விவசாயச் சிறைக்குடியேற்றம் ஒன்று இருந்தது. ஒருபாலாரை விரும்பினார்கள் என்ற குற்றத்துக்காகவே அங்கே பலர் அடைக்கப்பட்டு, கல்லுடைத்தனர். அரைநாட் பயணத்திலே தெஃபியா இல்லை.

1994 ஓகஸ்ட் மாதத்திலே ஆபிரிக்கக் கரையிலிருந்து சிறு படகொன்று இத்தீவின் கரையை அடைந்தது. அதில் வந்தவர்கள் மேற்குச் சஹாராவைச் சேர்ந்த இளைஞர் இருவர். அடுத்த ஆண்டுகளில் பல்லாயிரவர் கானரித் தீவுகளை நாடிய கடல்வழிக்கு அதுவே தொடக்கமாயிற்று. 2024இல் மட்டும் 46,000க்கு மேற்பட்டோர் படகுகளில் அத்தீவுகளை அடைந்தனர். வழியிலே கடலுக்கு இரையானோரும் பலர். வறட்சிக்கு அஞ்சி மேற்கு நோக்கிக் கப்பலேறியவர்களின் தீவு, கிழக்கிலிருந்து உயிரைப் பணயம் வைத்து வருவோரின் முதற் கரையாயிற்று.

ஆகவே, இப்பயணம் போகத்தக்கதன்று என்பது நம் கருத்தன்று. போகவேண்டும், ஆயினும், கண்ணுக்கு வெறுமையாய்த் தோன்றுவது எவ்வாறு வெறுமையாயிற்று என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். கணவாயிலே அந்தப் பெயரின் பொருளைக் கேட்கவேண்டும். மாளிகையின் முன்னே செலவிடும் அரைமணியில் ஒரு பகுதியையாவது சேமக்காலைக்கு ஒதுக்கவேண்டும்.

நண்பகலுக்குப்பின் வண்டிகள் விடுதிகளுக்குத் திரும்புகின்றன. பயணி முதலிற் செய்வது தன் உடம்பிற் படிந்த புழுதியைக் கழுவுவதே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற்கூட இத்தீவுக்குக் குடிநீர் கடற்படைக் கப்பல்களிலே வந்தது. 1960களில் அயல் தீவாகிய லான்சரோத்தேயிற் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியபின், இங்கும் அத்தகைய ஆலைகள் எழுந்தன. உல்லாச விடுதிகள் அந்நீரை நம்பியே வந்தன. இன்று 120,000க்கு மேற்பட்டோர் இத்தீவில் வாழ்கின்றனர். நீர்க்குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அதிற் கால்மணி நேரம் நீராடுபவன் செலவிடும் நீர், கொஃபேத்தேயின் மணலுக்குள் உறங்குவோரில் ஒரு குடும்பத்துக்குப் பல நாட்களுக்குப் போதுமாயிருந்திருக்கும்.