பால் ஊற்ற மறுத்த பதினைந்து நாள்

வேலையிடத்தில் கோபப்படக் கூடாது என்றுதான் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வியாபாரிக்குப் பொறுமை வேண்டும், ஊழியருக்கு அனுசரித்துப் போகத் தெரிய வேண்டும் என்கிறார்கள். இந்த அறிவுரையில் பாதி சரி. அநியாயத்தைச் சகித்துக்கொள்கிறவர்தான் கடைசியில் முன்னுக்கு வருவார் என்ற மறுபாதி உண்மையல்ல. நம் நாட்டின் பெரிய பால் நிறுவனங்களில் ஒன்று கோபத்தில்தான் பிறந்தது. அந்தக் கோபம் எதைத் தொடங்கிவைத்தது, எந்த இடத்தில் வேலையை வேறு குணங்களிடம் ஒப்படைத்தது என்பதைக் கவனித்தால், கோபத்தை முதலீடாக்குவது என்பதன் பொருள் விளங்கும்.

1940களில் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் ஒன்றிரண்டு எருமை வைத்திருந்த விவசாயிக்குப் பேரம் பேச வழியே கிடையாது. காலையில் கறந்த பால் மாலைக்குள் கெட்டுவிடும்; எனவே வாங்குகிறவர் சொன்னதே விலை. 1945-இல் பம்பாய் அரசு நகரத்துக்கான பால் திட்டத்தைத் தொடங்கி, அந்த மாவட்டத்தின் ஆனந்த் பகுதியிலிருந்து பால் அனுப்பும் பொறுப்பைப் போல்சன் நிறுவனத்திடம் கொடுத்தது. நகரத்துக்குப் பால் கிடைத்தது, நிறுவனத்துக்கு லாபம் கிடைத்தது, நடுவில் நின்ற தரகர்களுக்கும் பங்கு கிடைத்தது. தீவனம் போட்டுப் பால் கறந்தவருக்கு மட்டும் விலை உயரவில்லை. கொதித்துப்போன விவசாயிகள் வல்லபபாய் படேலிடம் முறையிட்டார்கள். அவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள், அரசு இணங்காவிட்டால் பால் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றார். அந்த நஷ்டத்தைத் தாங்குவீர்களா என்றும் கேட்டார். 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்கா கிராமத்தில், மொரார்ஜி தேசாய் கலந்துகொண்ட கூட்டத்தில் முடிவு எடுக்கப்பட்டது. பதினைந்து நாள் அவர்கள் போல்சனுக்குப் பால் ஊற்றவில்லை. பம்பாய்த் திட்டம் ஆட்டம் கண்டது, அரசு இறங்கி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. அமுல் என்று இன்று நாம் அறிவது அதன் வளர்ச்சியைத்தான்.

இங்கே கோபம் திரும்பிய திசைதான் முக்கியம். ஒரு தரகரைப் பிடித்து அடித்திருந்தால் மறுநாள் இன்னொரு தரகர் வந்திருப்பார். விவசாயிகளின் கோபம் ஆளைத் தாண்டி ஏற்பாட்டைத் தொட்டது: விலையை யார் வைப்பது, பால் யார் கையில் சேர்வது என்ற கேள்விகளைத் தொட்டது. கோபம் தடைகளைத் தாண்ட உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் லெஞ்ச் குழுவினர் 2023-இல் வெளியிட்ட சோதனைகளில், கோபம் மூட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்களை மற்றவர்களைவிட அதிகமாக விடுவித்தார்கள். ஆனால் எளிதான இலக்குகளில் கோபம் பெரிதாக உதவவில்லை. தடை இருக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை. எனவே, தினமும் காலையில் தன்னைத்தானே உசுப்பேற்றிக்கொண்டு அலுவலகம் போவது ஊக்கம் ஆகாது, உடம்புக்குத்தான் கேடு.

அதே சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது: பரிசுக்காக ஏமாற்றுவதும் கோபமுற்றவர்களிடம் கூடியது. உளவியலாளர்கள் ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, பயந்தவர்கள் ஆபத்தைப் பெரிதாகக் காண்பதையும் கோபக்காரர்கள் சிறிதாகக் காண்பதையும் காட்டியது. துணிந்து தொழில் தொடங்க இந்தக் குணம் உதவும். கடன் வாங்கும்போது இதுவே ஆளைக் கவிழ்க்கும். கோபத்தில் தொடங்கிய தொழில் எல்லாம் நிலைத்ததா என்று கேட்டால், இல்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தைவிட நியாயமான கோபத்தில் பிறந்த கம்பெனி தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை வெட்டியது, இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அப்போதும் மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். ஆனால் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. எதிரே நின்றது வெறும் போட்டிக் கம்பெனியல்ல, ஆட்சியே. அதோடு அந்த முயற்சி பெருமளவு ஒரே மனிதரின் தோளில் நின்றது. கைராவிலோ கோபம் வீட்டுக்கு வீடு பரவியிருந்தது. அரசும் பேச வேண்டிய காலமாக அது இருந்தது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுக் கோபத்தின் புகழ் பாடுவது நேர்மையாகாது.

பதினைந்து நாளுக்குப் பிறகு நடந்ததற்குக் கோபம் தேவைப்படவில்லை. கிராமச் சங்கத்தில் ஒவ்வொருவர் பாலிலிருந்தும் ஒரு சிறு மாதிரி எடுத்துக் கொழுப்பை அளந்து, அளவையும் தரத்தையும் எழுதி, அதற்கேற்பக் காசு கொடுத்தார்கள். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஊற்றினார்கள். சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் கிராமம் கிராமமாக நடந்து ஆட்களைச் சேர்த்தார். சென்னையில் லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்கு வந்து, சங்கத்தின் இயந்திரங்களைச் சீராக்கினார். குளிர்காலத்தில் எருமைகள் பால் பெருக்கும், பம்பாய் அத்தனையையும் வாங்காது என்ற சிக்கல் எழுந்தபோது பால் தொழில்நுட்ப வல்லுநர் எச்.எம். தலாயா எருமைப் பாலில் பவுடர் தயாரித்துக் காட்டினார். அது முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லியிருந்தார்கள். 1955-இல் பவுடர் ஆலையை நேரு திறந்துவைத்தார். கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்று தமிழ்நாட்டில் ஆவின் இயங்கும் மூன்றடுக்கு முறையும் ஆனந்தைப் பார்த்து அமைந்ததே. காலையும் மாலையும் பால் அளப்பது கோபத்தில் நடக்கிற காரியமல்ல. விலை கட்டாத இடத்தை அடையாளம் காட்டியதோடு கோபம் ஒதுங்கிக்கொண்டது. கணக்கும் நிதானமும் மேற்கொண்டு நடத்தின.

வள்ளுவர் வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறாரே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அது துறவறவியலில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது; பொருட்பாலிலும் ஆள்வோரிடம் இருக்கக் கூடாத குற்றங்களில் சினத்தை அவர் சேர்க்கிறார். நான் அதை ஏற்கிறேன். அதிகாரம் உள்ளவரின் கோபம் கீழே இறங்கும்போது பெரும்பாலும் அது கொடுமைதான். மேலாளர் ஊழியரிடம் கத்துவதற்கு இந்தக் கட்டுரை சாக்காகாது. நான் பேசுவது மேல்நோக்கிப் போகும் கோபத்தைப் பற்றி. அதற்கும் எல்லோருக்கும் ஒரே விலையில்லை. விக்டோரியா பிரெஸ்கால், எரிக் உல்மன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் கோபம் காட்டிய ஆணுக்கு மதிப்பு கூடியது, பெண்ணுக்குக் குறைந்தது. தனியாக வாய் திறந்தால் பெண்ணுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும்தான் முதலில் அடி விழும். மாறாக, ஓவர்டைம் காசு வராத ஐந்து பேர், யாருக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி, எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பேச்சு ஒருவரின் குணத்தைப் பற்றியதாக இல்லாமல் பாக்கித் தொகையைப் பற்றியதாகிவிடும்.