உப்புக்காற்றில் ஒரு பழைய ஜீப்

பனி பெய்யும் நாடுகளிலே மோட்டார் வண்டி வைத்திருப்போர் குளிர்காலத்தைக் கண்டு அஞ்சுவது பனியினால் அன்று; உப்பினால். வீதியில் உறைந்து கிடக்கும் பனி உருகுவதற்காக மூடை மூடையாக உப்பைக் கொட்டுகிறார்கள். தனி நீர் பூச்சியப் பாகையிலே உறையும். நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு உப்புக் கலந்த நீரோ பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரையிலும் நீராகவே நிற்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தார் 1938ஆம் ஆண்டில் இதனைச் சோதனையாகத் தொடங்கினர். பிறகு எங்கும் பரவியது. வீதி தெளிந்தது, வழுக்கி விழுந்த வண்டிகள் குறைந்தன. ஆனால் உருகிய உப்புநீர் வண்டிகளின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, சில ஆண்டுகளுக்குள்ளாகவே இரும்பைக் கறையான் அரித்த மரம்போல ஆக்கிவிடுகிறது.

நம் நாட்டிலே இந்தத் தொல்லை இல்லை என்று வாசகர்கள் எண்ணலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், உச்சமுனைக்குச் சென்று வரும்வரையில்.

கற்பிட்டிக்கு வடக்கே, ஒரு புறம் புத்தளம் கடனீரேரியும் மறு புறம் திறந்த கடலுமாக நீண்டு கிடக்கும் மணற்றிடல் உச்சமுனை. கற்பிட்டித் துறையிலிருந்து படகேறிச் செல்ல வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே அங்கு ஒரு நாழிகை நின்றாலே போதும். உதட்டை நாவால் தடவினால் உப்புக் கரிக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை பிசுபிசுக்கும். பனிநாட்டார் காசு கொடுத்து வாங்கி வீதியிலே தூவுவதை இங்கே காற்று இரவும் பகலும் இலவசமாகத் தூவிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அங்கு மீன் வியாபாரம் செய்கிறார். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் அவருடைய அழைப்பின்பேரில் சென்றிருந்தோம். மணலிலே ஓடுவதற்கென்று அவர் ஒரு பழைய லாண்ட் றோவர் வாங்கியிருந்தார். ஜீப் என்பது உண்மையில் வேறொரு வண்டியின் பெயர். எனினும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டி யாவும் நம் மக்களுக்கு ஜீப்பே. ஆகையால் நாமும் அப்படியே அழைப்போம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரையிலும் கதவு மூடியே இருந்தது. அந்த ஆண்டுகளிலே பழைய வண்டிகளின் விலை என்ன ஆயிற்று என்பதை எல்லோரும் அறிவர். கொட்டிலின் மூலையிலே கோழி அடைகாத்த ஜீப்புகளுங்கூடப் பெயின்ட் பூசிக்கொண்டு சந்தைக்கு வந்தன. நம் மாணவர் வாங்கியது அத்தகையது. இரண்டு படகுகளைப் பக்கத்துக்குப் பக்கமாகப் பிணைத்து, மேலே பலகை அடித்து, அமைதியான ஒரு விடியற்காலையில் அதனைத் தீவுக்குக் கொண்டுவந்த கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். அன்று ஊரே கரையில் நின்றதாம்.

ஐஸ் பெட்டிகளில் மீன், பீப்பாய்களில் தண்ணீர், நோயாளிகள், பள்ளிப்பிள்ளைகள் ஆகிய யாவற்றையும் அந்த ஜீப் சுமந்தது. ஓராண்டு ஓடிற்று. ஒருநாட் காலை ஏழெட்டுப் பிள்ளைகளைப் படகுத்துறைக்கு ஏற்றிச் செல்லும்போது பிரேக்கை மிதித்தார். மிதி எதிர்ப்பேதுமின்றித் தரைவரை சென்றது. பின் சில்லுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய் கறள் தின்று வெடித்திருந்தது. பழைய வண்டிகள் பலவற்றிலே நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் சுற்றுத்தான். ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கும் போயின. தார் வீதியாக இருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ! மணல் சில்லுகளைப் பிடித்து நிறுத்திற்று. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கினார்களாம். அவர் மட்டும் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

"வெளியில பாத்தா புதுசு சேர். உள்ளுக்குள்ள ஒன்றுமில்லை" என்றார், சிறு சுத்தியல் ஒன்றை நம் கையில் தந்து.

ஜீப்பின் கீழே படுத்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு ணங்கென்று ஒலித்தது. பின்புறக் குறுக்குச் சட்டத்தை அடைந்ததும் ஒலி மாறி, பழுத்த பலாவைத் தட்டியதுபோலப் பொத்தென்றது. இன்னொரு தட்டுத் தட்டினோம். சுத்தியலின் முனை உள்ளே போய்விட்டது. வெளியே பளபளக்கும் பச்சைப் பெயின்ட். அதன் பின்னே பொருக்குப் பொருக்காகச் செம்மண் போன்றதொரு தூள். பழைய வண்டி வாங்க எண்ணுவோர் நல்ல பெயின்டைக் கண்டு மகிழ்வதற்கு முன் ஒரு சுத்தியலையும் ஒரு பழைய பாயையும் கொண்டுசெல்வது நன்று. தட்ட விடாத வியாபாரியிடம் வாங்கவே கூடாது.

லாண்ட் றோவர் கறள் பிடிக்காத வண்டி என்றொரு பேச்சு உண்டு. அதிலே பாதி உண்மை. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவிலே உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆகவே மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். அதைத் தாங்கும் அடிச்சட்டமும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரும் உருக்கே. மேனி அழியாது, எலும்பு அழியும். அதிலும் அடிச்சட்டம் நான்கு பக்கமும் மூடிய பெட்டிபோன்ற குழல். உள்ளே புகுந்த மணலும் நீரும் எளிதில் வெளியேறா. அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தாலோ அலுமினியமும் வெண்பொடியாக உதிரத் தொடங்கும்.

இரும்புக்குக் கறள் பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் போதும். உப்பு இதிலே என்ன செய்கிறது? மூன்று தீமைகள் செய்கிறது. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால் கறள் பிடிக்கும் வேதிச்செயல் விரைகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு, உலோகத்தின்மேல் இயற்கையாக அமையும் காப்புப் படலத்தை உடைக்கிறது. மூன்றாவது தீமையையே பலரும் அறியார்: உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுப்புத் தானே கசிந்து நீராகிவிடும். மாரிகாலத்தில் உப்புச் சாடி நசநசப்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். கடலுப்பிலே மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதனிலேயே கசியும். ஆதலால் நடுப்பகல் வெயிலில் நிற்கும் ஜீப்பின் மேற்புறம் சுட்டாலும் அதன் அடிப்புறத்து உப்புச் சேறு உலர்வதே இல்லை. சூடு சேர்ந்தால் வேதிச்செயல் இன்னும் விரையும். பனிநாட்டவருக்குக் குளிராவது ஒரு துணை. உப்பு அப்பிய வண்டியைச் சூடான கராஜுக்குள் விடுவதைவிட வெளியே குளிரில் விடுவதே மேல் என்பர். உச்சமுனைக்கு அந்தத் துணையும் இல்லை.

கற்பிட்டியில் படகேறுமுன் ஒல்லாந்தரின் கோட்டையைப் பார்த்தோம். 1667இல் கட்டத் தொடங்கியது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் இன்றும் நிற்கின்றன. "தில்லியிலே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகக் கறள் பிடிக்காமல் ஓர் இரும்புத்தூண் நிற்கிறதே, நம் முன்னோர் அறிந்ததை நாம் மறந்தோமே" என்று உடன்வந்த நண்பர் பெருமூச்சுவிட்டார். அத்தூணின் இரும்பிலே பொசுபரசு மிகுதி. அதனால் காப்புப் படலம் உண்டானது என்று அறிஞர் விளக்கியுள்ளனர். தில்லியின் வறண்ட காற்றும் உதவியது. அதனைக் கொண்டுவந்து உச்சமுனையில் நட்டுப் பார்க்க நண்பர் ஆயத்தமாக இல்லை.

நாம் சென்ற வாரத்தில் ஜீப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. கற்பிட்டியிலிருந்து ஒட்டுவேலைக்காரர் தம் இயந்திரத்தையும் மின்பிறப்பாக்கியையும் படகில் ஏற்றி வந்திருந்தார். அழுகிய பகுதிமேல் தகடு ஒட்டி மூடுவது மலிவான வேலை. புண்ணின்மேல் துணி சுற்றுவது போன்றது. அவர் அதற்கு உடன்படவில்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெறிந்துவிட்டுப் பின்குறுக்குச் சட்டத்தை முழுதாகப் புதிதாக வைத்தார். பிரேக் குழாய்கள் யாவும் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களாக மாற்றப்பட்டன. அவை கறள் பிடிப்பதில்லை.

எஞ்சிய சட்டத்தைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் சுரண்டினார்கள். இதுவரை எந்தக் கராஜிலும் செய்வதே. அடுத்த படியிலேதான் தகராறு எழுந்தது.

சுரண்டிய இரும்பு கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றினாலும் அதன் நுண்குழிகளிலே உப்பு இருக்கும். அதன்மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்டைப் பூசினாலும், படலத்தினூடே ஈரத்தை உப்பு இழுக்கும். சில மாதங்களிலே கொப்புளங்கள் கிளம்பும். கறளாக மாறிய இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் பெயின்டை அடியிலிருந்தே பெயர்த்தெறியும். ஆகவே பூசுமுன் நன்னீரால் கழுவியே ஆகவேண்டும்; கழுவிய பின்னும் வாரந்தோறும் அடிப்புறத்தைக் கழுவவேண்டும். மாணவர் இதனைச் சொன்னதும் அவருடைய தாயார் அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"குடிக்கிற தண்ணியில வண்டி கழுவப் போறானாம் சேர். நீங்களே கேளுங்க."

அந்த அம்மையார் சொன்னதிலே நியாயம் இருந்தது. மணற்றீவின் கிணற்று நீர் கீழிருந்து வருவதன்று. மழைநீர் மணலில் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு அத்தனை விரைவாக ஏறும் என்பதும் அதே கணக்கிலிருந்து விளங்கும். மழையோ ஐப்பசி, கார்த்திகையை நம்பியது. நகரத்திலே குழாயைத் திறந்துவிட்டு வண்டியை நனைக்கும் வழக்கம் இங்கே பாவம் போலத் தோன்றுகிறது.

அன்று மாலை நெடுநேரம் பேசி ஒரு வழி கண்டார்கள். கற்பிட்டித் தோட்டக்காரர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் ஒன்று புதிதாக வாங்கினார். மருந்து தொட்ட பழையது உதவாது. அது 16 லீற்றர் கொள்ளும். கூரையிலிருந்து மழைக்காலத்தில் பிடித்து வைத்த நீரில் வாரத்துக்கு ஒரு தெளிப்பான். அதற்குமேல் ஒரு துளியும் இல்லை. மேனியைக் கழுவத் தேவையில்லை, அலுமினியம் அழுக்காக இருந்துவிட்டுப் போகட்டும். சில்லு வளைவு, சட்டத்தின் உட்புறம், குழாய்கள் செல்லும் வழி ஆகியவற்றுக்கு மட்டும் பீச்சினால் போதும். மீன் பெட்டிகளின் அடியில் பிளாஸ்ரிக் தட்டு ஒன்று வைக்கவும் ஏற்பாடாயிற்று. உருகிய ஐஸ் நீரோடு சேர்ந்து ஒழுகிய மீன்நீரே பின்சட்டத்தை முதலில் தின்றது என்பது நம் ஊகம்.

கழுவி, அதே நாள் வெயிலில் உலர்த்தி, மாலைக் காற்று ஈரம் சுமந்து வருமுன் நாகத்தூள் மிகுந்த முதற்பூச்சைப் பூசினார்கள். நாகம் இரும்புக்கு முன்னே தன்னைத் தின்னக் கொடுத்து அதனைக் காக்கும். 1824இல் ஹம்பிறி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி கப்பல்களின் செப்புத் தகட்டை நாகத் துண்டுகளால் காத்தது இதே முறையில்தான். தூரிகை எட்டாத மூலைகளிலே தனின் அமிலம் கலந்த திரவத்தைத் தடவினர். செந்நிறக் கறள் கறுத்து இறுகியது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நைலோன் வலை வருமுன் தம் தகப்பனார் பருத்தி வலைகளைக் கண்டற் பட்டைச் சாற்றில் ஊறவைத்ததை நினைவுகூர்ந்தார். அப்பட்டையிலும் இருப்பது தனினே.

சட்டத்தின் குழலுக்குள் எதை ஊற்றுவது? கழிவு எஞ்சின் எண்ணெயே பலர் கூறிய மருந்து. அது இரும்பைக் காக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது சொட்டும் ஒவ்வொரு துளியும் மணலினூடே கிணற்றுக்கே போகும். தேங்காயெண்ணெயை ஒருவர் பரிந்துரைத்தார். அது நாட்பட்டால் காறி அமிலமாகும், எறும்பும் வரும். இறுதியில் ஆட்டுமயிரிலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பைச் சிறு குழாய்மூலம் உள்ளே தெளித்தனர். தடித்த தார்ப்பூச்சை ஒட்டுவேலைக்காரர் அடியோடு மறுத்துவிட்டார். தார் வெடித்தால் அந்த வெடிப்பினுள் உப்புநீர் புகுந்து, யாரும் காணாமல் உள்ளேயே குடியிருக்குமாம்.

எல்லாவற்றிலும் செலவில்லாத வேலை ஒன்றைக் கடைசியாகச் செய்தார். சட்டத்தின் அடியிலே நீர் வடிவதற்கென்று தொழிற்சாலையார் இட்ட துளைகள் உண்டு. அவை யாவும் பழைய பெயின்டாலும் மணலாலும் அடைபட்டிருந்தன. ஒரு கம்பியால் குத்தினார். ஒரு துளையிலிருந்து கால் வாளியளவு மணலும் நாற்றமடிக்கும் உப்புநீரும் கொட்டின. நிலத்தில் குவிந்த அந்த ஈர மணலை எல்லோரும் சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாம் புறப்படும் நாளிலே ஜீப் ஓடியது. படகுத்துறைவரை அதிலேயே வந்தோம். மணலில் வேகமெடுத்து நான்குமுறை பிரேக்கைப் பிடித்துக் காட்டிய பின்னரே மாணவர் பிள்ளைகளை ஏற்றினார். இடப்பக்கத் தாங்கு சட்டம் ஒன்று இன்னும் மாற்றப்படவில்லை. மழைக்குப் பிறகு பார்ப்போம் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் தெளிப்பானை நிரப்பிக் கொடுப்பது தாயாரின் பொறுப்பு. பதினாறாவது லீற்றர்க் கோட்டுக்கு மேலே அவர் ஊற்றுவதில்லையாம்.