மை காயும் முன் – 17: எண்பது பிரதி

போன வாரம் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தோடு நிறுத்தினோம். படிக்கும்போதே பெயர் அச்சில் வந்துவிட்டால் ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பேசினோம், நினைவிருக்கும். மாணவர் கொண்டுவரும் செய்தி ஆசிரியர் மேஜையில் படும் பாட்டை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஐந்து நாளாக 80 என்ற ஓர் எண் என்னை விடவில்லை.

1878 செப்டம்பர் 20. சென்னையில் ‘தி இந்து’ வார இதழாகப் பிறந்த நாள். தொடங்கியவர்கள் ஆறு பேர் என்பது பலருக்கும் தெரியும். அந்த ஆறு பேர் யார் யார் என்று பாருங்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். மற்ற நால்வரும், டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்துலு, என். சுப்பாராவ் பந்துலு, சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். கையில் முதல் கிடையாது. ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதி அடித்தார்கள்.

எதற்காக? முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்கள். ஆங்கிலேயர் கையிலிருந்த பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. பதில் சொல்ல நம் பக்கம் ஒரு தாள் இல்லை. சட்டம் படிக்கிற பையன்களுக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்! மதிப்பெண்ணுக்காக அவர்கள் எழுதவில்லை. மறுப்பு வரும், எதிராளி படிப்பான், ஒரு வரி பிசகினாலும் மானம் போகும் என்று தெரிந்தே எழுதினார்கள். ஒரு மாணவனுக்கு இதைவிடப் பெரிய வகுப்பறை எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் மாணவர்கள் வக்கீல் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். பத்திரிகையைச் சுமந்தவர்கள் அந்த இரண்டு வாத்தியார்களும்தான். 1889இல் அது நாளிதழானது. மாணவர் பத்திரிகைகள் மூன்றாம் இதழோடு ஏன் நின்றுபோகின்றன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: பிள்ளைகள் போவார்கள், போகத்தான் வேண்டும். தங்குகிற ஒருவர் வேண்டும்.

அப்படித் தங்கிய சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். அதே வருஷம் டிசம்பரில், எங்கள் விளாத்திகுளத்துக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. 1904இல், இருபத்தோரு வயதில், அந்தப் பிள்ளை சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தது. ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவதுதான் வேலை. பாரதி செய்தி எழுதப் பழகியது அந்த மேஜையில், அந்த வாத்தியாரிடம். எட்டயபுரம் வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் இப்போது இந்த நினைப்புதான்.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் இதழியல் முதுகலை படிக்கும் இரண்டு பெண்கள் விளாத்திகுளம் வந்திருந்தார்கள். அவர்கள் துறையிலும் பயிற்சி இதழ் ஒன்று உண்டு. அச்சாகிறது, மதிப்பெண் போடுகிறார்கள், பிரதிகள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஊரில் ஒருவர் கைக்கும் வருவதில்லை. இரண்டு பேரையும் மிளகாய் கமிஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். சாக்கு மூட்டைகளின் நெடியில் தும்மிக்கொண்டே, மிளகாய் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவரிடம் பேசிக் குறிப்பெடுத்தார்கள். சாயங்காலம் ஒருத்தி எழுதி நீட்டினாள்: ‘மிளகாய் விவசாயிகள் கடும் பாதிப்பு.’

“என்கிட்ட வேண்டாம்மா, அந்தப் பெரியவர்கிட்டயே வாசிச்சுக் காட்டு” என்றேன்.

வாசித்தாள். பெரியவர் மூன்றாவது வரியில் கையை உயர்த்தினார். “மூணு ஏக்கர்னு யாரு சொன்னா தாயி? மூணு குறுக்கம்னுல்ல சொன்னேன். ஏக்கர்னு போட்டா ஊர்ல என்னையப் பொய்க்காரன்னு சொல்லிருவாங்க. அதென்ன விவசாயி? சம்சாரின்னு எழுது.” குறுக்கம் என்பது எங்கள் பக்கத்து நில அளவு.

அந்தப் பெண் அடித்த அடியில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. பிறகு தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். எப்போது விதைத்தீர்கள் தாத்தா, எந்த மழையில் போச்சு, மூட்டைக்கு என்ன தரகு பிடித்தார்கள் என்று. அவள் முதல் பேட்டியில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை.

யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரே படித்துக் கேள்வி கேட்பதுதான் பயிற்சி என்பதை அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908இலேயே கண்டுகொண்டது. இதழியல் பள்ளியை வால்டர் வில்லியம்ஸ் தொடங்கியபோது, செப்டம்பர் 14, வகுப்பு ஆரம்பித்த அதே நாளில் மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. கொலம்பியா என்ற அந்த ஊருக்காகவே நடந்த பத்திரிகை. நகர மன்றத்தில் நடந்ததைத் தப்பாக எழுதினால் மறுநாள் கடைத்தெருவில் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பரி’ என்ற கிராமப்புற இந்திய ஆவணக் களஞ்சியம், மாணவர்களைக் களத்துக்கு அனுப்பி, அவர்கள் கொண்டுவருவதைத் திருத்தி வெளியிடுகிறது. தொடக்கத்தில் சொன்ன ஆசிரியர் மேஜை விஷயம் அங்கேதான் தொடங்க வேண்டும். அதற்கு இங்கே இடம் போதாது, அடுத்த வாரம் அதையே முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணின் கட்டுரை திருந்தி வந்துவிட்டது. பெரியவர் வழக்கமாகக் குடிக்கும் டீக்கடைக்கு ஒரு பிரதி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.