உங்களுக்குத் தெரியுமா? ஆயில் பிரஷர் திடீரென விழுவது ஏன்?

ஆயில் பம்ப் எண்ணெயைத் தள்ளத்தான் செய்கிறது. அந்த ஓட்டத்துக்கு பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகள் தரும் தடையால்தான் அழுத்தம் பிறக்கிறது.

அந்த ஓட்டம் தடைபட்டால் அழுத்தமும் விழும். எடுத்துக்காட்டாக, 1955-இல் அறிமுகமான செவர்லே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில், அடியிலுள்ள சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பிக்கப் குழாய், பம்புக்குள் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது அது சரியாக இறுகாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடலாம். பிறகு பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். அழுத்தம் சட்டென்று விழும். இதைத் தடுக்கவே பல மெக்கானிக்குகள் குழாயைப் பம்புடன் பற்றவைக்கிறார்கள்.

ஆயில் பிரஷர் கேஜின் முள் விழுந்தால்:

• எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.
• எண்ணெய் அளவைப் பாருங்கள்.
• மெக்கானிக்கல் கேஜ் பொருத்தி, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி அளந்து பாருங்கள். சென்சார் கோளாறாகவும் இருக்கலாம்.
• அப்போதும் அழுத்தம் இல்லையென்றால், பிக்கப் குழாய், பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு மூன்றையும் சோதியுங்கள்.