இழுகயிறும் வானூர்தியும்

பறவையைப் போல் வானிற் பறத்தல் வேண்டுமென்பது மாந்தரின் நெடுநாள் வேட்கை. அவ்வேட்கைக்குத் தம் உயிரை விலையாகக் கொடுத்தோருள் பேர்சி பில்ச்சர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளரும் ஒருவர். கிளைடர் எனப்படும் எஞ்சினில்லா வானூர்தி, கயிற்றால் இழுக்கப்பட்டு எழும்போது நேரக்கூடிய இடரை அவர் வரலாறு நன்கு விளக்கும்.

1899ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்ரான்போர்ட் மாளிகைத் திடலில் விருந்தினர் கூடியிருந்தனர். தாம் புதிதாக அமைத்த எஞ்சின் பூட்டிய ஊர்தியை அவர்களுக்குக் காட்டப் பில்ச்சர் எண்ணியிருந்தார். ஆனால், சில நாட்களுக்கு முன் எஞ்சினின் சுழல்தண்டு முறிந்துவிட்டது. அன்று மழையும் காற்றும் வேறு. வந்தோரை வெறுமனே அனுப்ப மனமில்லாத அவர், மூங்கிலும் துணியும் கொண்டு முன்னர் அமைத்த ‘பருந்து’ என்னும் கிளைடரில் ஏறினார். குதிரைகள் கயிற்றை இழுத்தன. முதன்முறை கயிறு அறுந்தது. மறுமுறை ஏறத்தாழ 10 மீற்றர் உயரம் எழுந்ததும், வாற்பகுதியின் மூங்கிற்கோல் முறிந்து ஊர்தி நிலத்தில் வீழ்ந்தது. ஒக்டோபர் 2ஆம் நாள், தமது 32ஆம் வயதில், அவர் உயிர்நீத்தார்.

இதன் காரணம் யாது? மழையில் நனைந்த கொழுந்தின் கனத்தை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் அறியாதார் இலர். நிறுக்குமிடத்தில் நீருக்கென ஓர் அளவு கழிக்கப்படுவதும் அதனாலன்றோ! நனைந்த சிறகுத்துணியும் அவ்வாறே கனத்தது. மேலும், நிலத்திலிருந்து இழுக்கும் கயிறு ஊர்தியை முன்னோக்கி மட்டும் இழுப்பதன்று. ஊர்தி உயர உயரக் கயிறு சரிந்து கீழ்நோக்கியும் இழுக்கும். ஆகவே, சிறகுகள் ஊர்தியின் நிறையோடு அவ்விழுவையையும் சேர்த்துத் தாங்குதல் வேண்டும். வேகம் இரட்டிப்பின் வளியின் விசையோ நான்கு மடங்காகும். இவ்வளவிற்கும் ஈடுகொடாத ஓர் உறுப்பு முறியின் முழுதும் கெடும்.

இதனாலேயே இக்காலத்து இழுகயிற்றில் வேண்டுமென்றே வலிமை குறைந்த ஓர் இணைப்பை வைப்பர். இழுவை அளவு மீறின் அவ்விணைப்பே முதலில் அறும். விமானி தாமே கயிற்றைக் கழற்றிவிடுதற்குக் கொளுக்கியும் உண்டு. கயிறு தாழ்வில் அறுதலும் இடரே. ஆயினும், ஊர்தி முறிதலினும் கயிறு அறுதல் சிறிது.

பில்ச்சர் பறக்கவிடாது விட்டுச்சென்ற ஊர்தியின் மாதிரியொன்றை 2003இல் கிரான்பீல்ட் பல்கலைக்கழகத்தார் அமைத்தனர். அது 1 நிமிடம் 26 விநாடி பறந்தது. 1903 டிசெம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர் நிகழ்த்திய மிக நீண்ட பறப்போ 59 விநாடியே. அன்றைய காட்சியை ஒருநாள் தள்ளிவைத்திருப்பின், அவ்வெற்றி ஒருவேளை பில்ச்சருக்கே உரியதாகியிருக்கலாம். கூடியிருப்போரின் எதிர்பார்ப்பு எத்துணைப் பெரிதாயினும், மூங்கிலின் வலிமையை அது ஒரு சிறிதும் கூட்டாது.